வயரை வெட்டியவன் ஒருவன், வெளியே நிற்பவன் இன்னொருவன்

கேள்வி: ஒரு நாடு இன்னொரு நாட்டின் ரயில் பாதை, கடலடி கேபிள் போன்றவற்றில் நாசவேலை செய்தால், அந்த நாட்டு விளையாட்டு வீரர்களைத் தடை செய்வது நியாயமா?

நியாயமில்லை. நான் உசிலம்பட்டிப் பக்கம். பத்தாவது படிக்கும்போது பக்கத்து ஊரில் ராத்திரி கபடிப் போட்டி, அரையிறுதி நடக்கும்போதே மொத்த லைட்டும் அணைந்துவிட்டது, போய்ப் பார்த்தால் ஜெனரேட்டர் வயரை யாரோ அரிவாளால் கொத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரன் வேலை என்று அவர்களே முடிவுகட்டி இரண்டு வருடம் எங்கள் டீமைச் சேர்க்கவில்லை. வெட்டியவன் கடைசிவரை அகப்படவில்லை. முழங்காலில் கிரேப் பேண்டேஜோடு இருட்டில் கோட்டுக்குள்ளேயே நின்ற எங்கள் ரைடர் அண்ணன் அடுத்த வருடம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்தான், அப்புறம் ஆடவே இல்லை.

2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் நாளில் பிரான்ஸின் அதிவேக ரயில் கேபிள்களுக்குத் தீ வைத்தார்கள், சுமார் 8 லட்சம் பயணிகள் தவித்தார்கள். இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் ஈரான் என்றார், பலர் ரஷ்யா என்றார்கள், சில நாள் கழித்து பிரான்ஸ் உள்துறை அமைச்சர் தீவிர இடதுசாரிகளைக் கைகாட்டினார். அன்றைக்கே தடை போட்டிருந்தால் யார் வீட்டுப் பிள்ளை ஊர் திரும்பியிருக்கும்?

நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை விளையாட்டிலிருந்து ஒதுக்கி வைத்த விஷயம் வேறு. அங்கே அணிக்கு ஆள் எடுத்ததே தோல் நிறம் பார்த்து, தப்பு விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. அந்த நாட்டுக்கு எதிரான 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப்போட்டியை அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த நம் அணி ஆடாமலே விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

உக்ரைன் போருக்காக பாரிஸில் ரஷ்யர்களையும் பெலாரஸ்காரர்களையும் கொடி, தேசிய கீதம் இல்லாமல் தனிநபர்களாக மட்டும் விட்டார்கள். கொடியை இறக்கியது சரி. ஆனால் ராணுவத்தில் வேலை பார்த்தால் வரக்கூடாது என்றும் ஒரு விதி வைத்தார்கள். அதை நமக்குப் பொருத்தினால் ராணுவத்தில் நாயப் சுபேதாராகச் சேர்ந்த நீரஜ் சோப்ரா வெளியே நிற்க வேண்டும். வெறுங்காலில் ஓடிப் பழகிய நம் சக்கிமங்கலம் ரேவதி டோக்கியோ போனதே ரயில்வே ஊழியராகத்தான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரசு வேலை இருந்தால்தானே ஓடவே முடியும்?

2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்து, எஸ்டோனியா இடையே மின் கேபிள் அறுந்ததும் பின்லாந்து அதிகாரிகள் மறுநாளே சந்தேகப்பட்ட எண்ணெய்க் கப்பலில் ஏறிப் பிடித்தார்கள். அதுதான் முறை. ஆனால் 2025 அக்டோபரில் ஹெல்சின்கி நீதிமன்றம் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. நம் கோபமெல்லாம் போக வேண்டியது அந்தச் சட்ட ஓட்டையின் மேல்.