புதுக்கோழி தூங்கி வழியுதா? முதலில் நாளை எண்ணுங்க

சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்து 20 வருஷம் தாண்டிவிட்டது. "வாங்கி வந்த கோழி சொங்கிப் போய்க் கிடக்குது, என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாங்கி எத்தனை நாள் ஆச்சு? மருத்துவம் படித்தவள் இல்லை நான். வளர்த்ததும் பறிகொடுத்ததும் கால்நடை மருத்துவரிடம் நச்சரித்துக் கேட்டுக்கொண்டதும்தான் என் படிப்பு. புதுக்கோழியை மூன்று வாரம் தனியாக வைத்துவிட்டுத்தான் பழைய கோழிகளோடு சேர்க்கணும் என்பதும் நான் எப்போதும் சொல்வது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

கரூரிலிருந்து: அக்கா, நேற்று சந்தையில் ஒரு விடைக்கோழி வாங்கி பைக்கில் கொண்டுவந்தேன். காலையிலிருந்து மூலையிலேயே உட்கார்ந்திருக்கு. கம்பு போட்டேன், கொத்தவே இல்லை. சீக்குக் கோழியைத் தள்ளிவிட்டார்களா?

பைக்கில் எப்படிக் கொண்டு வந்தீங்க தம்பி? காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டா? அப்படியென்றால் அது உட்கார்ந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை. விடியும் முன்பே பிடித்துக் கூடையில் அடைத்திருப்பார்கள். தண்ணீரைக் கண்ணில் பார்த்திருக்காது. கயிறு கட்டிய இடம் வீங்கியிருக்கா என்று தடவிப் பாருங்க.

நிழலில் பஞ்சாரத்தை (கோழி கவிழ்க்கும் கூடை) போட்டு மேலே சாக்கு மூடி, சத்தமில்லாமல் விடுங்க. முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீனி. மனுஷருக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து ஒரு நாள் மட்டும் வைக்கலாம். உடம்பு சுடுகிறது, காய்ச்சல் என்று சிலர் பயப்படுவார்கள். கோழியின் சாதாரண உடம்புச் சூடே 105 முதல் 107 டிகிரி பாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும்.

இன்னொன்று, இரைப்பை. கழுத்து முடியும் இடத்தில், நெஞ்சுக்கு வலப்பக்கம் இருக்கும். எடை கூட்டிக் காட்டுவதற்காக விற்கும் முன் தொண்டை வரை தீனி திணிக்கிறவர்கள் உண்டு. ராத்திரி தீனி வைக்காமல் விட்டு, காலையில் தொட்டுப் பாருங்க. காலியாக இருந்தால் சரி. கல் மாதிரி கெட்டியாக இருந்தால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தானியத்தை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் சில சொட்டு நல்லெண்ணெயும் கொடுத்து மெதுவாகப் பிசைந்துவிடுங்க. தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் ஏறிவிடும். கெட்டியாக இல்லாமல் பலூன் மாதிரி தளதளவென்று இருந்து, வாயில் புளித்த வாடையும் அடித்தால் மருத்துவரிடம் போங்க.

பயணக் களைப்பு இரண்டு நாளில் தெளியணும். மூன்றாம் நாளும் இதே நிலை என்றால் மறுபடி எழுதுங்க.

வேடசந்தூர் பக்கமிருந்து: அம்மா, ஆறு நாள் முன்பு மூன்று கோழி வாங்கினேன். நன்றாக மேய்ந்துகொண்டுதான் இருந்தன. நேற்றிலிருந்து ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி நிற்குது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகுது. வீட்டில் ஏற்கெனவே 18 கோழி. எல்லாம் ஒரே கூண்டில்தான் அடைகின்றன.

"ஆறு நாள்" என்று படித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வந்த அன்றே தூங்கும் கோழியைவிட, நாலைந்து நாள் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் தூங்கும் கோழிக்குத்தான் நான் பயப்படுவேன். சந்தையில் ஒட்டிய நோய் உள்ளே முளைக்கும் கணக்கு அது. வெள்ளைக்கழிச்சலுக்கு 2 முதல் 15 நாள் வரை ஆகலாம், பெரும்பாலும் ஐந்தாறு நாள். இந்த நோய்க்கு ராணிகேத் என்ற பெயர் இமயமலை ஓரத்து ஊர் ஒன்றால் வந்தது. 1920களின் கடைசியில் நம் நாட்டில் அங்கேதான் இதை முதலில் அடையாளம் கண்டார்கள்.

பச்சை எச்சத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. இரை எடுக்காத எந்தக் கோழிக்கும் பித்தம் இறங்கிப் பச்சையாகத்தான் போகும். கூடவே கொர் கொர் என்று மூச்சு இழுக்குதா, கழுத்து திருகுதா, கால் இழுக்குதா, பக்கத்துக் கோழியும் தூங்க ஆரம்பிக்குதா என்று பாருங்க. இதில் ஒன்று சேர்ந்தாலும் சந்தேகம் வலுக்கும்.

இப்போதே செய்ய வேண்டியது: வந்த மூன்றையும் தனியாகப் பிரிங்க, நன்றாக இருக்கும் இரண்டையும் சேர்த்துத்தான். உங்கள் 18-க்கு முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியாக இவற்றிடம் போங்க. தண்ணீர்ச் சட்டி, செருப்பு எல்லாம் வேறு வேறாக இருக்கட்டும். நம் செருப்பில் ஒட்டிய எச்சம் போதும் அதற்கு. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிட்டோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போயோ இன்றைக்கே காட்டிடுங்க. பழைய கோழிகளுக்கு இப்போது தடுப்பூசி போடலாமா என்பதையும் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும். உள்ளே கிருமி புகுந்துவிட்ட கோழியை ஊசி காப்பாற்றாது.

இந்த நச்சுக்கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. சீரகம், மிளகு, கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுப்பதை நானும் செய்திருக்கிறேன், கொடுங்க. ஆனால் அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டு ஒரு தை மாசம் நான் பட்டது போதும். ஆசைப்பட்டு மூன்று பெட்டை வாங்கி நேராகக் கூண்டில் விட்டேன். பத்தே நாளில் 41 கோழியில் 6 மிச்சம். வாங்கி வந்த மூன்றில் ஒன்று சாகவே இல்லை, மூன்று வருஷம் முட்டை போட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

செத்தால் தோட்டத்தில் வீசாதீங்க, குழம்பும் வைக்காதீங்க. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கணும். ஒரே நாளில் பல கோழி விழுந்தாலோ சுற்றுவட்டாரத்தில் காக்கையும் செத்துக் கிடந்தாலோ எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிடுங்க.

மதுரையிலிருந்து: கோழி நன்றாகத்தான் இருக்கு. ஆனால் அவ்வப்போது காபி நிறத்தில் பசை மாதிரி, தாங்க முடியாத நாற்றத்தோடு எச்சம் போடுது.

குடல்வால் எச்சம் அது. பத்துத் தடவைக்கு ஒரு தடவை அப்படித்தான் போகும். ரத்தம் கலந்திருந்தால் மட்டும் சொல்லுங்க.

பொள்ளாச்சியிலிருந்து: பண்ணையில் கழித்துவிட்ட வெள்ளை முட்டைக்கோழி நாலு, விலை மலிவாகக் கிடைத்தது. நின்ற இடத்திலேயே நிற்குதுங்க. தண்ணீர்ச் சட்டியை எட்டிக்கூடப் பார்க்கலை. வந்து ரெண்டு நாள்.

பாவம், அதுகளுக்குச் சட்டி என்றால் என்னவென்றே தெரியாது. நாமக்கல் பக்கத்துப் பெரும்பண்ணைகளில் இவை ஒன்றரை வருஷம் கம்பிக்கூண்டில் நின்றே காலம் தள்ளியவை. தலைக்கு மேல் குழாயில் இருக்கும் நிப்பிளைக் கொத்தினால்தான் தண்ணீர் வரும் என்று பழகியிருக்கும். மண்ணைக் கிளறியது இல்லை, வெயிலில் நின்றது இல்லை. அலகைப் பிடித்து, மூக்குத் துளை முழுகாமல் நுனியை மட்டும் தண்ணீரில் நாலைந்து தடவை தொட வைங்க. ஒன்று கற்றுக்கொண்டால் மற்றது பார்த்துப் பழகும். தீனியை உடனே மாற்றாதீங்க. கம்பும் சோளமும் அதற்குப் புதுசு. ஒரு வாரம் முட்டைக்கோழித் தீவனமே வாங்கிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்க.

தினமும் முட்டை போட்டுப் போட்டு எலும்பில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். பிடிக்கும்போது காலையோ இறக்கையையோ இழுத்தால் ஒடிந்துவிடும், இரண்டு கையாலும் உடம்போடு சேர்த்துத் தூக்குங்க. கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். ஏதாவது ஒன்று நிற்க முடியாமல் படுத்துவிட்டால், அல்லது வாலைக் கீழே தொங்கவிட்டு நிமிர்ந்து நின்று முக்கினால், முட்டை அடைத்திருக்கலாம். அதை நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து: வாங்கி ஒரு மாசம் ஆகுது. நல்ல தீனி போட்டும் கொண்டை வெளுத்துக்கொண்டே வருது, பகலெல்லாம் தூக்கம். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகலாமா என்று இருக்கேன்.

போகும் முன் ஒரு ராத்திரி டார்ச்சோடு கூண்டுக்குப் போங்க. பழைய கூண்டா, பலகை இடுக்கும் சுவர் விரிசலும் உண்டா? கோழி உண்ணி பகலில் அங்கே ஒளிந்திருந்து, ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூண்டு மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் உண்ணி பட்டினியாகக் காத்திருக்கும். அப்படி இருந்தால் குற்றம் உங்கள் கூண்டில், விற்றவரிடம் இல்லை. விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடிங்க, தெளிக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டுக்குங்க.

உண்ணி இல்லையென்றால் நெஞ்செலும்பைத் தடவுங்க. கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டு இருந்தால் குடற்புழுவைச் சந்தேகப்படலாம். கண்ணோரம், கொண்டையோரம் மிளகுத் தூள் தூவினது போல் அசையாமல் ஒட்டியிருந்தால் தெள்ளு.

திருப்பூரிலிருந்து: அக்கா, 12 நாள் ஆச்சு. முட்டை போடுற கூடையை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்குது. இரை சரியா எடுக்கலை. கிட்டப் போனால் உடம்பை உப்பிக்கிட்டு உறுமுது.

அடைக்குப் படுத்திருக்கு கண்ணு! சீக்குக் கோழிக்கு உறுமத் தெம்பு ஏது? சேவல் சேர்ந்த முட்டை இருந்தால் பத்துப் பன்னிரண்டு வைத்துவிடு, 21 நாளில் குஞ்சு.

திண்டுக்கல்லிலிருந்து: எதற்கும் இருக்கட்டும் என்று மருந்துக்கடையில் மஞ்சள் பவுடர் ஒன்று கொடுத்தார்கள். வந்த அன்றே தண்ணீரில் கலந்துவிடவா?

வேண்டாம். அது நுண்ணுயிர்க்கொல்லியாகத்தான் இருக்கும். களைப்புக்கும் ஆகாது, வெள்ளைக்கழிச்சலுக்கும் ஆகாது, கசப்பில் குடிக்கிற தண்ணீரையும் குறைத்துவிடும். முட்டையிலும் இறங்கும், அதை உங்கள் பிள்ளைகள்தான் சாப்பிடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: மூன்று வாரம் தனியாக வைக்கச் சொல்றீங்க. என் வீடு மாடி வீடு, இடமே இல்லையே?

பாத்ரூம் பக்கத்தில் ஒரு பஞ்சாரம் வைக்க இடம் இருக்காதா? கூண்டிலிருந்து காற்று நேராக வராத எந்த மூலையும் போதும். மூன்று வாரம் முடிந்து சேர்க்கும்போதும், மாலை இருட்டிய பிறகு கூண்டில் விடுங்க. பகலில் விட்டால் பழையது எல்லாம் சேர்ந்து கொத்தி, தீனிப் பக்கமே விடாது. அப்புறம் அது மூலையில் உட்கார்ந்துவிட்டது என்று எனக்கே எழுதுவீங்க. இரண்டு இடத்தில் தீனி வைங்க.