ஒரே ஒரு மோசமான விமர்சனம் ஒரு சுயாதீன இசைக்கலைஞரின் ஆல்பத்தைக் கவிழ்த்துவிடுமா?

கவிழ்த்துவிடும். அப்படிக் கவிழ்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சொந்தக் காசைப் போட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு வெளியிடத் தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

டிராவிஸ் மாரிசன், வாஷிங்டனைச் சேர்ந்த 'டிஸ்மெம்பர்மென்ட் பிளான்' என்ற ராக் குழுவின் பாடகர், பாடலாசிரியர். அந்தக் குழு 1999-இல் வெளியிட்ட ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் பத்துக்கு 9.6 கொடுத்துத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 2003-இல் குழு கலைந்தது. மறு ஆண்டு அவர் 'டிராவிஸ்தான்' என்ற தனி ஆல்பத்தை பார்சுக் என்ற சிறிய நிறுவனத்தின் வழியே கொண்டுவந்தார். அதே இதழ் அதற்குப் போட்ட மதிப்பெண் 0.0.

நான் அப்போது மேரிலாந்தில் முதுகலை படித்துக்கொண்டே கல்லூரி வானொலியில் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தி வந்தேன். புதிதாக வரும் ஒவ்வொரு சிடியின் உறையிலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். எந்தப் பாட்டைப் போடலாம், எதில் கெட்ட வார்த்தை வருகிறது என்று கேட்டவர்கள் அதில் எழுதிவைப்பார்கள். டிராவிஸ்தான் தாளில் முதலில் நல்ல வார்த்தைகள்தான் இருந்தன. சில்லறைக் காசில் முகம் பொறிக்கப்பட்ட அதிபர்களைப் பாட வைத்திருந்த குட்டிப் பாட்டுகளுக்கு ஒருவர் நட்சத்திரமே போட்டிருந்தார். விமர்சனம் வந்த பிறகு பார்த்தால், அத்தனை கையெழுத்துகளின் மேலும் தடித்த மார்க்கரில் 0.0 என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள். சிடி புதுவரவு அலமாரியிலிருந்து மூலைப் பெட்டிக்குப் போயிருந்தது.

பொறுப்பாளரிடம் கேட்டேன். "நீ விமர்சனம் படிக்கவில்லையா?" என்றார். "நீங்கள் பாட்டைக் கேட்டீர்களா?" என்றேன். பதில் இல்லை. என் நிகழ்ச்சியில் நான் அதைத் தொடர்ந்து ஒலிபரப்பினேன். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் நிலையத்தில் மட்டும் நடந்ததல்ல இது. ஆல்பத்தைக் கேட்காமலேயே, விமர்சனத்தைக் காரணம் காட்டி ஒரு கடை அதை வாங்கி விற்க மறுத்ததாக பார்சுக்கின் உரிமையாளரே வாஷிங்டன் போஸ்ட்டிடம் சொன்னார்.

உடனே, விமர்சனமே கூடாது என்கிறாயா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். டிராவிஸ்தான் அப்பழுக்கற்ற ஆல்பம் என்று நான் சொல்லவில்லை. சில வரிகள் எனக்கே உறுத்தும். விமர்சனம் எழுதியவருக்குப் பிடிக்கவில்லை, எழுதினார். அது அவர் உரிமை. காது இருந்தும் எண்ணைப் பார்த்து முடிவெடுத்த கடைக்காரர்கள் மீதும் வானொலிக்காரர்கள் மீதும்தான் எனக்குக் கோபம். பெரிய நிறுவனமாக இருந்தால் விளம்பரத்தைக் கொட்டிச் சமாளித்திருக்கும். சுயாதீனக் கலைஞருக்கு அந்தச் சில கடைகளும் கல்லூரி வானொலிகளும்தானே வாசல்?

   

மாரிசன் 2007-இல் இன்னோர் ஆல்பம் வெளியிட்டார்; 2013-இல் பழைய குழுவோடு சேர்ந்தும் ஒன்று வந்தது. நீங்களும் வெளியிடுங்கள். ஆனால் ஒரே இதழை நம்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மேடையில் பாடுங்கள், கேட்கிறவர்களிடம் நேரடியாக விற்றுப் பாருங்கள். வெளியானதும் இங்கேயே இணைப்பைப் போடுங்கள், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.