அந்தமான் டூரில் ஏமாற்றம்: மதுரையிலேயே வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் மதுரையில் பள்ளி ஆசிரியை. அரையாண்டு விடுமுறையில் மாமனார், மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆறு பேராக அந்தமான் போனோம். விமான டிக்கெட் நாங்களே எடுத்தது. அறை, படகு, கார் மூன்றுக்கும் போர்ட் பிளேர் ஏஜென்ட் ஒருவரிடம் ஜிபேயில் 1,10,000 ரூபாய் கொடுத்தோம். பில் தரவில்லை. ஹேவ்லாக் தீவில் கடற்கரை ஓட்டல் என்றார். தந்ததோ கரையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே, மாடிப்படி ஏற வேண்டிய லாட்ஜ். ராஸ் தீவுப் பயணம் கடல் கொந்தளிப்பால் ரத்தானது. ஹேவ்லாக்கிலிருந்து திரும்பும் படகுக்கு டிக்கெட்டே போடவில்லை. மறுநாள்தான் அரசுப் படகில் இடம் கிடைத்தது. அதற்குள் சென்னை விமானம் போய்விட்டது. கூடுதல் இரவு அறைக்கு 7,500, புது விமான டிக்கெட்டுக்கு 61,000 ஆனது. கேட்டால், "சீசன்ல இப்படித்தான், ரிஃபண்ட் கிடையாது, கேஸ் போடணும்னா போர்ட் பிளேர்ல போடுங்க" என்கிறார். முழுப் பணமும் கிடைக்குமா? போலீசுக்குப் போகலாமா? ஃபேஸ்புக்கில் அவர் படத்தைப் போடலாமா?

பதில்: சகோதரி, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு படகுத்துறையில் டிக்கெட் இல்லாமல் நின்றதைப் படித்தபோது மனது கஷ்டப்பட்டது. நீங்கள் வழக்குப் போடலாம், மதுரையிலேயே போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தாக்கல் செய்யும் உரிமையைத் தந்திருக்கிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்கு மதுரைக்காரர் கடல் கடந்து போய் வழக்கு நடத்த வேண்டும் என்பது, வழக்கே போடாதே என்று சொல்வதற்குச் சமம். ஏஜென்ட் அனுப்பிய நிபந்தனைகளில் 'போர்ட் பிளேர் நீதிமன்றத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி இருந்தாலும், சட்டம் தந்த உரிமையை அது பறித்துவிடாது என்பதே என் கருத்து.

முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தங்கினீர்கள், காரில் போனீர்கள், போகும்போது படகிலும் ஏறினீர்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டால் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து பலவீனமாகும். கடல் செய்தது எது, ஏஜென்ட் செய்தது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ராஸ் தீவு கடலின் கணக்கு. கொந்தளிப்பில் படகை நிறுத்துவது உங்கள் உயிருக்காக; அதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் அந்தப் பயணத்துக்கென்று வாங்கிச் செலவழிக்காத பணத்தை அவர் வைத்துக்கொள்ளவும் முடியாது. அதை மட்டும் கேளுங்கள்.

ஓட்டல் விஷயம் தெளிவான சேவைக் குறைபாடு. சொன்ன ஓட்டலுக்கும் தந்த லாட்ஜுக்கும் அதே தேதிகளில் என்ன வாடகை என்று காட்டும் ஆதாரம் தேடுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் இழப்பு. மாமனார் மாமியார் படி ஏறிக் கஷ்டப்பட்டதை மன உளைச்சல் என்ற தலைப்பில் தனியாகக் கேட்கலாம்.

உங்கள் வழக்கின் உயிர் திரும்பும் படகில் இருக்கிறது. விமானத்தைத் தவறவிட்டது உங்கள் பாடு என்று ஏஜென்ட் வாதாடுவார். ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த விளைவுக்கு மீறியவரே பொறுப்பு என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு. ஆகவே திரும்பும் விமான டிக்கெட்டை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா என்று பாருங்கள். பேக்கேஜ் பேசிய நாட்களிலேயே அனுப்பியிருந்தால், எந்தத் தேதியில் உங்களை போர்ட் பிளேரில் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 68,500 ரூபாயும் அந்த ஒரு மெசேஜைப் பிடித்துத்தான் நிற்கிறது. டிசம்பரில் தனியார் படகு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாததல்ல. சீசன் என்று அவர் சொல்லும் காரணமே அவருக்கு எதிராகத் திரும்பும்.

அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். பிரிண்ட் எடுத்தால் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் இணைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் இதில் அவ்வளவு கெடுபிடி காட்டாது என்றாலும், எதிர்த்தரப்புக்கு ஒரு சாக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஜிபே விவரத்தை வங்கி ஸ்டேட்மென்ட்டாக எடுங்கள். பில் தராததே சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை என்பதையும் புகாரில் ஒரு வரி சேருங்கள்.

அப்புறம், நடைமுறை. முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம். அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் சில ஏஜென்ட்டுகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் 15 நாள் அவகாசம் தந்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பிறகு மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நேரிலோ இ-ஜாக்ரிதி தளத்திலோ புகார். 5 லட்சம் வரை கொடுத்துப் பெற்ற சேவைக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் ஏஜென்ட் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கிடைக்கலாம். அதற்கு மேல் கிடையாது. விசாரணைக்கு வீடியோ கான்பரன்ஸ் கேட்டு மனு போட்டால் பள்ளிக்கு லீவு போடுவதும் குறையும். இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். நினைவும் ஆதாரமும் புதிதாக இருக்கும்போதே செய்யுங்கள்.

போலீஸ் வேண்டாம். மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். பாதி வேலையைச் செய்து கொடுத்தவர் மீது அது நிற்பது கடினம். ஃபேஸ்புக்கில் நடந்ததைத் தேதியோடு எழுதலாம். 'திருடன்' என்று படத்தோடு போட்டால் அவதூறு வழக்கில் நீங்கள் பதில் சொல்லும்படி ஆகிவிடும்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். தவறிய அந்த விமான டிக்கெட் ரிஃபண்ட் இல்லாத வகை என்றாலும், அதில் அடங்கிய அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ஆறு டிக்கெட்டுக்கும் சேர்த்து இன்றே மெயில் அனுப்பிக் கேளுங்கள். வந்த தொகையை ஏஜென்ட்டிடம் கேட்கும் கணக்கில் கழித்துக் காட்டுங்கள்.