பண்டிகை நாட்களில் அளவுக்கு மீறிச் சாப்பிடாமல் இருப்பது எப்படி?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் தீனிப்பிரியர் மாதிரித் தெரியவில்லை. போகிற வீடெல்லாம் 'இன்னும் கொஞ்சம்' என்று வைக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அப்படித்தானே? அப்படியென்றால் பசியை அடக்கும் வழிகள் உங்களுக்கு உதவாது.

இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் எங்கள் ஊர். சித்திரை வருடப்பிறப்பென்றால் மருத்துநீர் என்கிற மூலிகை நீர் வைத்துக் குளித்து, பொங்கி, பெரியவர்கள் தரும் கைவிசேடக் காசு வாங்கிய கையோடு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகவேண்டும். எல்லா வீட்டிலும் முறுக்கு, கொக்கிஸ், பயற்றம் உருண்டை, சீனி அரியதரம், வாழைப்பழம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எருமைத் தயிரும் பாணி என்கிற இனிப்புப் பாகும். தேத்தண்ணி தனிக்கணக்கு. ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் மூன்று வீட்டுத் தேத்தண்ணியிலேயே அந்த அளவு கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

என் அம்மாவுக்கு நீரிழிவு. ஒரு வருடப்பிறப்பில் அம்மா அரியதரத்தை ஒன்றோடு நிறுத்த, மாமி "என்ன மச்சாள், நான் சுட்டது வாயில வைக்க ஏலாமப் போச்சா?" என்று கேட்டுவிட்டார். அம்மாவின் முகம் சுருங்கி, கை மறுபடி தட்டுக்குப் போனது. "மாமி, அம்மாவுக்குச் சீனி கூடிக் கிடக்கு. கட்டித் தாங்க, நாளைக்குப் பிச்சுப் பிச்சுக் குடுக்கிறன்" என்றேன். அங்கிருந்த ஒருவர் படித்த திமிர் என்று காதுபடச் சொன்னார். மாமி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மறுகா தானே எழும்பிப் போய் டப்பாவில் போட்டுத் தந்தார். இன்றைக்கும் முணுமுணுப்பார், ஆனால் கட்டித்தான் தருவார். அந்த நேரத்தில் வாய் திறந்ததற்காக நான் பெருமைப்படுகிறேன்.

உடனே 'பண்டிகையைக் குழப்ப வந்துவிட்டாள்' என்று யாரும் எழுத வேண்டாம். அம்மா பிடித்த பயற்றம் உருண்டையை நானும் விடமாட்டேன். மாமியின் அன்பையும் குறை சொல்லவில்லை. 1990 போர்க்கால இடம்பெயர்வையும் 2004 சுனாமியையும் கண்ட தலைமுறை அது. வந்தவருக்கு வயிறு நிறையக் கொடுப்பது அவர்களுக்குச் சும்மா விசயம் இல்லை. அதனால்தான் வேண்டாம் என்று தட்டைத் தள்ளாமல், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று கேளுங்கள் என்கிறேன். கொடுத்த மனமும் நோகாது.

வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். அவித்த கடலையோ கீரையோ முதலில் உள்ளே போனால், பிறகு சாப்பிடும் சோற்றின் சீனி இரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும், அதுவரை கதைத்துக்கொண்டிருங்கள். உள்ளூர் வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே போங்கள். சாப்பிட்ட பின் கொஞ்சம் நடந்தாலே சீனி ஏறுவது குறையும்.

   

இன்சுலின் போடுகிறவர்கள் பலகாரத்தை ஈடுகட்ட அடுத்த வேளைச் சாப்பாட்டை விடக்கூடாது, சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரும். மற்றது, சீனி போடாத தேத்தண்ணி வேண்டுமென்றால் வாசலில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஊற்றிக்கொண்டு வந்த பிறகு சொன்னால் வீட்டுக்காரருக்கு இரட்டை வேலை.