பாட்டுக்கு அடியில் ஒரு ‘ம்ம்ம்’

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துப் பாட்டுப் பதிவு செய்பவர்களுடையவை. முன்பெல்லாம் ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இப்போது படுக்கையறையே ஸ்டுடியோ ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் படுக்கையறையில் மின்விசிறியும் இருக்கிறது, பக்கத்து வீட்டுச் சேவலும் இருக்கிறது.

கேள்வி: என் கீபோர்டிலிருந்து ஒரு வயர் ஹாலில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயருக்கும், இன்னொரு வயர் லேப்டாப்புடன் இணைந்த ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) போகிறது. லேப்டாப்பில் சார்ஜரைச் செருகியதும் பதிவில் ‘ம்ம்ம்’ என்ற ஓசை வருகிறது. கழற்றினால் நின்றுவிடுகிறது. சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறார் நண்பர். வெட்டலாமா? (மார்த்தாண்டம் வாசகர்)

வெட்டக் கூடாது. நண்பரிடமிருந்து கட்டிங் பிளேயரை முதலில் வாங்கி வையுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். சவுண்ட் செட் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கிறிஸ்துமஸ் கரோல் நிகழ்ச்சியில் ஹம் (இதே ‘ம்ம்ம்’தான்) நிற்கவில்லை என்று ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டேன். ஹம் நின்றது. எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவது பாட்டில், கிட்டார் வாசித்துக்கொண்டே பாடிய பையனின் உதடு மைக்கில் பட்டது. அவன் பின்னால் சாய்ந்து விழுந்ததை இன்றும் மறக்கவில்லை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அது அவன் அதிர்ஷ்டம். என் திறமை இல்லை.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். ஆம்ப்ளிஃபயர் ஹாலின் பிளக் வழியாக எர்த்தைத் தொடுகிறது. லேப்டாப் அறையின் பிளக் வழியாக அதே எர்த்தைத் தொடுகிறது. இரண்டையும் கீபோர்டின் வயர்கள் நடுவில் கோத்துவிட, ஒரு வளையம் உண்டாகிறது. இரண்டு பிளக்குகளின் எர்த்துக்கும் இடையே மிகச் சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும், அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிறது. அது கீபோர்டு வயரின் மேலுறைக் கம்பி வழியாகப் பாட்டோடு கலந்துவிடுகிறது. சார்ஜரைக் கழற்றினால் வளையம் அறுகிறது, அதனால்தான் அமைதி.

முதலில் காசு செலவில்லாத வழி. ஆம்ப்ளிஃபயரையும் லேப்டாப்பையும் ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலைக் கடத்திவிட்டு, இரு பக்க வயர்களையும் பிரித்து வைக்கும் சிறு பெட்டி) ஒன்று வாங்கி, கீபோர்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் போடுங்கள். அதில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். எர்த்தைப் பிரிக்க வேண்டுமென்றால் அங்கே, சிக்னல் வயரில் பிரியுங்கள். கரண்ட் பிளக்கில் கை வைக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோளாறும் உண்டு. இரண்டு பின் சார்ஜர் உள்ள லேப்டாப்பில் எர்த்தே கிடையாது. இன்டர்ஃபேஸின் உலோகப் பெட்டியைத் தடவினால் எறும்பு ஊர்வது போலக் கை சுணைக்கும், கிட்டார் கம்பியைத் தொட்டால் ஹம் குறையும். அங்கே எர்த் இல்லாததுதான் குறை. தொட்டால் குறைகிறதா, கழற்றினால் குறைகிறதா என்று பார்த்தாலே எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

அப்படியே எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த்தையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய குழியாக இருந்தால் பங்குனி, சித்திரையில் காய்ந்து போயிருக்கும். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் இரண்டு குடத்தை அதற்கும் ஊற்றலாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய கன்டென்சர் மைக், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதிலிருந்து அப்பளம் பொரிவது போலப் படபடக்கிறது. கடையில் மாற்றிக் கேட்கலாமா? (குலசேகரம் வாசகர்)

மைக் கெட்டுப்போகவில்லை, நனைந்திருக்கிறது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு, மழை நாளில் சுவரே வியர்க்கும். மைக் மட்டும் எப்படி உலர்ந்திருக்கும்?

கன்டென்சர் மைக்கின் உள்ளே, மெல்லிய படலம் ஒன்று ஓர் உலோகத் தகட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம் நிலையாக நிற்க வேண்டும். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் ஸ்விட்சைப் போடுகிறீர்களே, அது மைக்கின் உள்ளே இருக்கும் சுற்று இயங்குவதற்கு. அந்த இடைவெளியிலோ, சுற்றிலோ ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசியும். ஒவ்வொரு கசிவும் ஒரு ‘பட்’.

காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்து போட்டு, மைக்கை இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு பாடாத நேரமெல்லாம் அதுவே அதன் வீடு. என் அம்மா முறுக்கை எவர்சில்வர் சம்புடத்தில் அடைத்து வைப்பார்கள், அதே பக்குவம்தான். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவு உள்ளே போகும். வெயிலில் காய வைப்பதும், தலைமுடி உலர்த்தும் கருவியால் ஊதுவதும் படலத்துக்கு ஆகாது. பாடும்போது முன்னால் பாப் ஃபில்டர் என்ற மூச்சுத் தடுப்பு வலையை வையுங்கள். மூச்சின் ஈரமும் ஈரம்தான்.

தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மருந்து கிடையாது. மழை விடும்வரை கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு காத்திருங்கள்.

கேள்வி: எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவை வீட்டில் பதிவு செய்தேன். வில்லில் அடி விழும்போதெல்லாம் மணி ஓசை கரகரக்கிறது. பதிவின் ஒலியளவைக் குறைத்துப் பார்த்தும் கரகரப்பு போகவில்லை. (இரணியல் வாசகர்)

போகாது. வெட்டிய தென்னையைத் தூக்கி நிறுத்தி இளநீர் கேட்பது போன்றது அது. வீசுகோல் வில்லில் விழும் அந்த நொடியில் மணிகளின் ஒலி, பாடகரின் குரலைவிடப் பல மடங்கு எகிறுகிறது. இன்டர்ஃபேஸ் தாங்கும் அளவைத் தாண்டியதும் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. பதிவாகும்போதே போன உச்சியை, பிறகு ஒலியளவைக் குறைத்துத் திரும்பப் பெற முடியாது.

அடுத்த முறை, பாட்டின் நிதானமான இடத்தை வைத்து அளவு பார்க்காதீர்கள். அண்ணாவியாரிடம், கதையின் உச்சத்தில் எப்படி அடிப்பாரோ அப்படி நாலு அடி அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் மீட்டர் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி இன்டர்ஃபேஸில் கெயினை (மைக்கின் ஒலியை ஏற்றும் அளவை) குறையுங்கள். ‘சத்தம் சிறிதாக இருக்கிறதே’ என்று பயம் வரும். மென்பொருளில் 24 பிட் என்று வைத்துப் பதிவு செய்தால் பயமே வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒரே மைக்கை நடுவில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கார்டியாய்டு வகை மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். முகம் பாடகருக்கும் முதுகு வில்லுக்கும் இருக்கும்படி திருப்பி வைத்தாலே மணி அடங்கும். குடத்துக்கும் உடுக்கைக்கும் தனி மைக் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் அவற்றை வாசிப்பவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். மூத்த கலைஞராக இருந்தால் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பதிவில் இடையிடையே ‘டிக், டிக்’ என்று வருகிறது. ஹம் இல்லை. (நாகர்கோவில் வாசகர்)

கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 64-இல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், 256 ஆக்குங்கள். 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அத்தனை ஒலி மாதிரிகள் எடுக்கும்போது, அந்தத் துண்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்குக்கும் குறைவு, பாடுகிறவருக்கு உறுத்தாது. பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். மென்பொருள் 44,100 என்றும் இன்டர்ஃபேஸ் 48,000 என்றும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் டிக் வரும், அதையும் பாருங்கள்.

கேள்வி: கிட்டார் வயரை அசைத்தால் கரகரப்பு. (குளச்சல் வாசகர்)

கடல் காற்று. ஜாக் முனையில் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, நாலு முறை செருகி எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வயரின் ஈயப்பற்று விட்டிருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? ஆடாசிட்டி மென்பொருளில் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எல்லா இரைச்சலையும் எடுத்துவிடலாமே? (ஆரல்வாய்மொழி வாசகர்)

கொஞ்சம் எடுக்கலாம். பாட்டு தொடங்குமுன் ஐந்து விநாடி யாரும் அசையாமல் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். அந்தத் துண்டைக் காட்டித்தான் ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்கு அடையாளம் சொல்ல வேண்டும். பிறகு 6 டெசிபெல் முதல் 10 வரை குறைக்கலாம். பேராசைப்பட்டு 24 கொடுத்தால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். அப்படி ஆன பாட்டுகள் மாதம் குறைந்தது நாலு எனக்கு வருகின்றன.

தவிர, மின்விசிறி போல ஒரே சீராக ஓடும் ஓசையில்தான் அது நன்றாக வேலை செய்யும். உங்கள் ஊர் ஆடிக் காற்று சீராகவா வீசுகிறது? காற்றாலைக்காரர்களுக்கு வரம், உங்களுக்கு ஜன்னல் சட்டத்தில் ‘ஊ’. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போட்டால் உறுமல் பெரும்பாலும் போகும், ஆண் குரலுக்கும் பெரிய பழுது வராது. அதற்கு முன் ஜன்னல் இடுக்கில் பழைய துண்டைத் திணித்து, மைக் ஸ்டாண்டுக்கு அடியில் கயிற்று மிதியடியை இரண்டாக மடித்துப் போட்டு, ஒரு முறை பாடிப் பாருங்கள்.