ஏஎன்ஏ 1:80 'ஸ்பெக்கிள்ட்' என்று வந்தால் லூபஸா?

கல்முனையில் எடுத்த ரிப்போர்ட்டில் தங்கச்சிக்கு ஏஎன்ஏ (சொந்தக் கலங்களின் கருவையே குறிவைக்கும் பிறபொருளெதிரிகளைத் தேடும் இரத்தப் பரிசோதனை) 1:80, ஸ்பெக்கிள்ட் (கரு புள்ளி புள்ளியாக ஒளிரும் வடிவம்). மூட்டு நோ மட்டும்தான், லூபஸா (உடலின் நோயெதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வைத்து மட்டும் அப்படிச் சொல்லேலாது. சீரத்தை 80 மடங்கு ஐதாக்கிய பிறகும் ஒளிர்வு தெரிந்தது, அவ்வளவுதான். சுகதேகிகளிலும் பத்துப் பேரில் ஒருவருக்காவது இது வரும். 1:640 போல எண் கூடக்கூடத்தான் சந்தேகம் வலுக்கும்.

ஒளிரும் வடிவம் அடுத்து எதைப் பார்ப்பது என்று காட்டும். கலத்தின் கரு ஒரேசீராக ஒளிர்ந்தால் டிஎன்ஏயைக் குறிவைக்கும் டிஎஸ்-டிஎன்ஏ பிறபொருளெதிரியைப் பார்க்க வேண்டும். சென்ட்ரோமியர் வடிவம் என்றால் தோல் தடிக்கும் ஸ்கிளீரோடெர்மா நோயைச் சந்தேகிக்கலாம். அதற்குக் குளிரில் விரல் வெளிறுதா என்று கேட்க வேண்டும். மட்டக்களப்பு வெயிலில் அது வெளியே தெரியாது, ஐஸ் தண்ணீரில் கை வைத்தால் தெரியலாம்.

ஸ்பெக்கிள்ட்தான் குழப்பமானது. அதற்கு ஈஎன்ஏ பரிசோதனை வேண்டும், எந்தப் பிறபொருளெதிரி என்று அது பிரித்துக் காட்டும். அதில் ஸ்மித் என்ற பிறபொருளெதிரி பொசிட்டிவ் என்றால் லூபஸ் பக்கம் பலமாகச் சாயும். நெகட்டிவ் என்றால் லூபஸ் இல்லை என்று ஆகாது, நோயாளிகளில் சிறுபகுதியினருக்கே அது வரும். ரோ என்ற பிறபொருளெதிரி இருந்தால் கண், வாய் வறட்சியைக் கவனியுங்கள். கர்ப்பமானால் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும், அரிதாகக் குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைக்கும்.

ஏஎன்ஏயைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண்காசு. அந்தக் காசில், சிறுநீரகம் பாதிக்கப்பட்டதா என்று அறிய, சலத்தில் புரதம் போகிறதா என்று பாருங்கள். சிக்குன்குனியா வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்த மூட்டு நோ மாதக்கணக்கில் இழுக்கும்.