நீராவி ரயில் இல்லாவிட்டால் ஃபோர்ட் வில்லியம் வீணா?

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்குச் செல்லும்போது, ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் ஒரு நாள் தங்க விரும்புகிறோம். நீராவி ரயில் டிக்கெட்டை இரு மடங்கு விலைக்கு வாங்கித் தருவதாகக் கூறும் முகவர், ஸ்காட்லாந்துக்குத் தனி விசா வேண்டும் என்கிறார். மலையேற இயலாத என் மனைவிக்கு அவ்வூரில் வேறென்ன உண்டு?

பதில்: முதலில், அந்த முகவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்துக்கெனத் தனி விசா கிடையாது. பிரிட்டன் விசாவே போதும். அதற்கும் விமான, ஓட்டல் முன்பதிவுகள் பெரிதாக உதவுவதில்லை என்று அந்நாட்டு அரசின் வழிகாட்டியே கூறுகிறது.

நீராவி ரயில் ஓடும் அதே தண்டவாளத்தில், அதே 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபினன் பாலத்தின் மீது, கடலோர ஊரான மல்லைக் வரை சாதாரண ரயிலும் செல்கிறது. போகும்போது இடப்பக்க ஜன்னலில் அமருங்கள். லண்டனிலிருந்து படுக்கை வசதி ரயில் நேராக ஃபோர்ட் வில்லியம் வருகிறது. சனிக்கிழமை இரவு மட்டும் அது லண்டனிலிருந்து புறப்படாது. வெள்ளி இரவு ஏறலாம், ஞாயிறு இரவு ஏறலாம், சனி இரவு முடியாது. வார இறுதிப் பயணத் திட்டங்கள் பலவும் இங்கேதான் கவிழ்கின்றன.

இவ்வூரில் 1654இல் எழுந்து 1690இல் மீண்டும் கட்டப்பட்ட கோட்டையின் பெரும்பகுதியை, 1894இல் வந்த ரயில்பாதை விழுங்கிவிட்டது. கடற்கழிக் கரையில் சிறிது சுவர்தான் மிச்சம். 1691 டிசம்பர் இறுதியில், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க அருகிலுள்ள கிளென்கோ பள்ளத்தாக்கின் குலத்தலைவர் மக்கீயன் இக்கோட்டைக்குத்தான் வந்தார். தமக்கு அதிகாரமில்லை என்று ஆளுநர் ஹில் அவரை இன்வரேரி என்ற வேறோர் ஊருக்கு அனுப்பினார். அதனால் கெடு முடிந்து, 1692 ஜனவரி 6இல்தான் பிரமாணம் நடந்தது. பிப்ரவரி 13இல் அவர் அரசுப் படையினரால் கொல்லப்பட்டார். அலுவலகம் மாற்றி அலையவிடும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

1922இல் தொடங்கப்பட்ட மேற்கு ஹைலேண்ட் அருங்காட்சியகத்தில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் வெறும் வண்ணக் கறையாகத் தெரிவது, நடுவே நிற்கும் பளபளப்பான உருளையில், பிரிட்டன் அரியணைக்காகக் கிளர்ச்சி செய்து தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்டின் முகமாகப் பிரதிபலிக்கும். தடைசெய்யப்பட்ட விசுவாசத்தை ஒளித்து வைக்க அப்படி ஓர் ஏற்பாடு.

பிறகு, மல்லைக் ரயிலில் சில நிமிடத் தொலைவிலுள்ள பானவியில் இறங்குங்கள். அங்குள்ள கால்வாயில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு அமைத்த எட்டு நீர்ப்பூட்டுகளில் (நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்தும் கதவுள்ள தொட்டிகள்) படகுகள் படிப்படியாக ஏறுவதை உங்கள் மனைவி உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அதற்கு டிக்கெட்டும் இல்லை, முகவரும் வேண்டாம்.